நிலுவையில் ஒரு மனு

பிப்ரவரி 3, திங்கள்

உரக்கடைக்காரர் ஒருவர் வட்டாட்சியருக்குக் கொடுத்த டைரி இது. அவர் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆபீஸ் நேரத்தில் குனிந்து எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் வேலை செய்வதுபோல் தெரியும். அதற்காகத்தான் ஆரம்பித்தேன்.

எங்களுடையது ஒரு புறவழிச் சாலைக்கு நிலம் எடுப்பதற்காகத் திறந்த தனி அலுவலகம். சாலை வேலாங்காடு வழியாக வருவதாக இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அதை ஊருக்கு அந்தப் பக்கமாக மாற்றி, போட்டும் முடித்துவிட்டார்கள். அதில் பஸ் ஓடுகிறது. நாங்கள் மட்டும் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறோம். ஒரு வீட்டு மாடி, பூட்டிய பீரோக்கள், மூன்று பேர்: வட்டாட்சியர் சுகுமாறன் சார், உதவியாளராகிய நான், அலுவலக உதவியாளர் ஆறுச்சாமி.

காலையில் ஆறுச்சாமி பீரோக்களைத் துடைக்கிறார். சார் செல்போனில் சீட்டு விளையாடுகிறார். நான் டீ டம்ளர்களைக் கழுவி, காயவைத்து, மறுபடியும் அடுக்குகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பது சுகம் என்று சொல்பவர்கள் ஒரு நாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்று மணிக்கு மேல் அழுகை வரும்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைய வேலை: குண்டூசிகளைத் துருப்பிடித்தது, பிடிக்காதது என்று பிரித்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மயிலாத்தாள் வந்திருந்தார். வேலாங்காட்டில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற அம்மா. கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவருடைய தோப்பு எங்கள் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருக்கிற நிலத்தை விற்க முடியாது, அதன்மேல் பேங்கில் கடன் வாங்க முடியாது. வரப்போகாத சாலைக்காக முப்பத்தொரு குடும்பத்தின் நிலம் அப்படிக் கிடக்கிறது. மற்றவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். இந்த அம்மா மட்டும் திங்கட்கிழமைகளில் சந்தைக்கு வரும்போது மாடி ஏறி வருகிறார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதில் எனக்கென்று முருங்கைக்காய்.

வந்ததும் முதலில் என் இளைப்பு, பிறகு ஆறுச்சாமியின் பல்வலி, பிறகு மருமகளின் வாய், இவ்வளவையும் பேசி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

"ஏனுங்க அம்மிணி, ரோடு வருதுங்களா, வரலீங்களா? எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. இல்லாட்டி உட்டுப்போடுங்க. ரெண்டுமில்லாம இது என்னங்க?"

மேலிடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்றேன். நான் நன்றாகச் சொல்லக்கூடிய வாக்கியம் இது. அவர் தலையாட்டிவிட்டுக் காயை மேசைமேல் வைத்தார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மகள் நிவேதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை, 'என் தாயின் பணி' என்று. பத்தாம் வகுப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "நீ ஆபீஸ்ல என்னம்மா பண்ற?" என்று கேட்டாள். ரோடு போடுகிறோம் என்றேன். எந்த ரோடு என்றாள். தாளிக்கும்போது பேச்சுக் கொடுக்காதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் கட்டுரையில் 'மக்கள் பயணம் செய்ய என் தாய் உதவுகிறார்' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் 'நன்று' போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

சார் இன்று செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். வருடம் ஒருமுறைதான் அது நடக்கும். மே மாதம் நீட்டிப்புக் கருத்துரு அனுப்பவேண்டும். இந்த அலுவலகத்தை இன்னும் ஒரு வருடம் நடத்த அனுமதி கேட்கிற கடிதம் அது. போன வருடம் நான் எழுதியதை மாவட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்களாம். எனக்கு வாய் காதுவரை போனது. மறைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

போகும்போது, "அந்தத் தென்னந்தோப்பு அம்மாகிட்ட இந்த வருசமும் ஒரு மனு வாங்கிருங்கம்மா," என்றார்.

நானே எழுதித் தரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பாவம், அவருக்கு எழுத வராது. மனு என்று ஒன்று போனால்தானே எதுவும் நகரும்?

மார்ச் 3, திங்கள்

மயிலாத்தாளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். 'கிணறு வற்றிவிட்டபடியால் போர் போடக் கடன் பெற வேண்டியும், என் நிலத்தை விடுவித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.' வாசித்துக் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனாவை அழுத்திப் போட்டார்.

"என்ற மருமக இருக்கறாளே, அவகூட எனக்கு இப்படி ஒரு வரி எழுதிக் குடுக்கமாட்டாளுங்க," என்றார்.

இன்று மூன்று மணிக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு உருப்படியாக ஒரு வேலை செய்தேன். மனுவுக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, கோப்பில் சேர்த்தேன்.

மார்ச் 12, புதன்

என் கணவர் மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் சுற்றி ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறார். சாப்பிடும்போது வேலாங்காட்டுக்குப் போய் வந்த கதையைச் சொன்னார். மயிலாத்தா தோட்டத்து மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்று கூப்பிட்டார்களாம். மோட்டாருக்கு ஒன்றுமில்லை, கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. காற்றை உறிஞ்சிக்கொண்டு ஓடியிருக்கிறது.

"மேவரிசை மரமெல்லாம் குருத்து சாஞ்சிருச்சு சாந்தா. போர் போட்டா மீதியாவது நிக்கும். பேங்க்ல குடுக்கமாட்டேங்கறானாம், நிலம் பட்டியல்ல இருக்குதாம். உங்க ஆபீஸ் பட்டியல்தானே?"

மேலிடத்தில் இருக்கிறது என்றேன்.

"உன்னையப் பத்தித்தான் பேசுது அந்தம்மா. அம்மிணி இருக்கறாங்க, பாத்துக்குவாங்கன்னு."

இவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். முருங்கைக்காய்க் குழம்பு.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். மூன்றாம் தேதி எழுதியதையும் படித்தேன். பூச்சிமருந்துப் பெயர்களுக்கு மேலே எவ்வளவு நல்லவளாக இருக்கிறேன்.

ஒழுங்காக எழுதிவிடுகிறேன். சாலையை மாற்றிய அன்றே ஒரு உத்தரவு வந்தது: நிலுவையில் இருக்கிற மனுக்களை எல்லாம் விசாரித்து முடித்தபின், மொத்த நிலத்தையும் விடுவிக்கக் கருத்துரு அனுப்பவும். அனுப்பிவிட்டால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். ஆகவே ஒரு மனுவாவது நிலுவையில் இருக்கவேண்டும். முதல் வருடம் தானாகவே சில மனுக்கள் இருந்தன. அடுத்த வருடம் ஒன்றுகூட இல்லை. சார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மயிலாத்தாள் மாடி ஏறி வந்தார். "ஒரு மனுவாக் குடுத்துருங்கம்மா, நான் எழுதித் தர்றேன்," என்று சொன்னது சார் இல்லை. நான்தான்.

நிலத்தை விடச்சொல்லி அவர் கொடுக்கிற மனுதான் நிலத்தை விடாமல் வைத்திருக்கிறது. அதை எழுதித் தருகிறவள் நான். அதற்கு அவர் காய் கொண்டுவருகிறார்.

இதைத் தெரியாமல் செய்தேன் என்று எழுத இந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஜன்னல் வழியாக மஞ்சள் பையைப் பார்த்தேன். படி ஏறி வருவதற்குள் பீரோக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மீட்டிங் போயிருப்பதாகச் சொல்லச்சொல்லி ஆறுச்சாமிக்குக் கை காட்டினேன். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடுகிற மாதிரி, சேலைத் தலைப்பு வெளியே தெரியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மயிலாத்தாள் உட்கார்ந்துவிட்டார். போகிற மாதிரி தெரியவில்லை. மனு என்ன ஆயிற்று, இன்னொன்று கொடுத்தால் சீக்கிரம் ஆகுமா என்று ஆறுச்சாமியைக் கேட்டார். ஆறுச்சாமிக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று சொன்னார்.

"தங்கமான புள்ளைங்க அது. நீங்க கொஞ்சம் நாவகப்படுத்துங்க. மரம் போனாப் போகுது, அந்த வாய்க்கா ஓரத்து மரத்தையாச்சும் காப்பாத்தோணும். அது எங்க ஊட்டுக்காரரு வெச்சதுங்க."

பீரோவின் தகரம் முதுகில் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் இறங்கிப் போன சத்தம் கேட்டபிறகும் நான் வெளியே வரவில்லை. ஆறுச்சாமி என் முகத்தைப் பார்க்காமல் காயை என் பையில் போட்டுவிட்டு, டீ வாங்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு நல்ல மனசு என்று சொன்னார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவரோடு வண்டியில் வேலாங்காட்டுக்குப் போனேன். குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழிதான் என்று நானே இவரிடம் ஒரு சாக்குச் சொன்னேன். மயிலாத்தாளுக்கு என்னைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டார். விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

தோப்பைச் சுற்றிக் காட்டினார். மேல்வரிசையில் நிறைய மரங்களுக்குத் தலையே இல்லை. மீதிக்கு மட்டைகள் தொங்கிப்போய்க் கிடந்தன. காலுக்கடியில் மண் பொடிப்பொடியாக உடைந்தது. வாய்க்கால் ஓரத்து மரத்துக்கு மட்டும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறார். அடியில் ஈரம் இருந்தது. அந்த மரத்திலிருந்து ஒரு இளநீர் வெட்டி எனக்குக் கொடுத்தார். தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருந்தது, உப்புக் கரித்தது. குடித்தேன். குடிக்காமல் இருக்கத் தெரியவில்லை.

திரும்பும்போது வண்டியில் இவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆபீஸ் மூடினால் எனக்குத் தாராபுரத்துக்கு மாற்றல்தான், இரண்டு பஸ் மாறவேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஏன், மூடுகிறார்களா என்றார். இல்லை என்றேன்.

மே 5, திங்கள்

கணக்குப் போட்டுப் பார்த்தால் என் பக்கத்தில் இருப்பவை இவ்வளவுதான்: வீட்டிலிருந்து நடந்து வரலாம். மதியம் போய்ச் சூடாகச் சாப்பிடலாம். நிவேதா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் இருப்பேன். சாருக்கு ஓய்வு பெற ஒரு வருடம், அவருக்கும் வீடு இங்கேதான். ஒரு பெரிய கஷ்டமாவது இருந்தால் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது நோய், தீராத கடன், ஏதாவது. தேடித் தேடிப் பார்க்கிறேன். இல்லை.

மே 14, புதன்

கருத்துருவை இன்று டைப் செய்தேன். எனக்கு இதில் கை நன்றாக ஓடும். 'மனு விசாரணையில் உள்ளது. புலத்தணிக்கை மேற்கொள்ளப்பட வேண்டியுள்ளது. எனவே பணியிடங்கள் தொடர்வது இன்றியமையாதது.' போன வருடம் 'இன்றியமையாதது' என்று போட்டுவிட்டு அந்தச் சொல்லையே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தினமும் குண்டூசி பிரிக்கிறவளுக்கு வருடத்தில் ஒரு நாள் அப்படி ஒரு சந்தோஷம்.

முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்தேன். பிறகு இன்னொன்று டைப் செய்தேன்.

மே 15, வியாழன்

சார் நான் வைக்கிற எதையும் படிப்பதில்லை. நன்றாக எழுதுவேன் என்கிற நம்பிக்கை. கையெழுத்து அட்டையில் மேலே ஆறுச்சாமியின் விடுப்பு விண்ணப்பம், அதற்குக் கீழே மின்கட்டணம், அதற்குக் கீழே மயிலாத்தாள் மனுமீது ஆணை: 'விசாரிக்கப்பட்டது. கோரிக்கை ஏற்கத்தக்கது.' கடைசியில் கருத்துரு: 'நிலுவை மனுக்கள் ஏதுமில்லை. முப்பத்தொரு நில உடைமையாளர்களின் நிலங்களையும் விடுவித்து ஆணையிடலாம்.'

சார் ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளில் நிறுத்தினார்.

"போன வருசம் மாதிரிதானேம்மா?"

"ஆமாங்க சார்."

தபாலை ஆறுச்சாமியிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு நல்ல காரியத்தையும் திருட்டுத்தனமாகத்தான் செய்ய வருகிறது எனக்கு. நேருக்கு நேர் நின்று, இந்த வருடம் அப்படி எழுதமாட்டேன் சார் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வருடம் பொறுத்தால் ஓய்வு பெற்றுவிடுகிற மனுஷர், என் பிள்ளை பிறந்தநாளுக்கு வருடாவருடம் பேனா வாங்கிக் கொடுக்கிறவர்.

ஜூன் 11, புதன்

உத்தரவு வந்துவிட்டது. நிலங்கள் விடுவிப்பு. அலுவலகம் இந்த மாதக் கடைசியோடு மூடல். சார் இரண்டு முறை படித்தார். பிறகு அலுவலகப் பிரதியை எடுத்துவரச் சொன்னார். கீழே தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இது?"

"பழசைப் பாத்து டைப் பண்ணும்போது மாறிப்போச்சுங்க சார்."

எந்தப் பழசிலும் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். என்னைத் திட்டியிருக்கலாம். "ஒரு வருசந்தாம்மா இருந்துச்சு எனக்கு," என்று மட்டும் சொன்னார். மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நானும் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

மயிலாத்தாள் வந்தார். விடுவித்த தகவல் முப்பத்தொரு பேருக்கும் போயிருக்கிறது. புதுச்சேலை கட்டியிருந்தார். மஞ்சள் பை நிறையத் தேங்காய், அதன்மேல் முருங்கைக்காய், வெற்றிலை பாக்கு. பேங்கில் கடன் கொடுக்கிறோம் என்றுவிட்டார்களாம். போர் வண்டிக்குச் சொல்லியாயிற்று. பூஜைக்கு நான் வந்து தேங்காய் உடைக்கவேண்டுமாம்.

"நீங்க எழுதுன மனு வீணாப் போவுலீங்க அம்மிணி. மொத மனுவுல ஆவுலீன்னு உட்டிருந்தா ஆயிருக்குமா? வருசா வருசம் சலிக்காம எழுதுனீங்களே."

சும்மா இருந்திருக்கலாம். எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்திருக்கும். ஆனால் அவர் பையை என் மேசைமேல் கவிழ்க்கப் போனார். அந்தத் தேங்காய்களைத் தொட என்னால் முடியாது என்று தோன்றியது.

"அந்த மனுவாலதாங்கம்மா நின்னுச்சு," என்றேன். "மனு இருக்கற வரைக்கும்தான் இந்த ஆபீஸ் இருக்கும். ஆபீஸ் இருக்கற வரைக்கும் உங்க நிலத்தை விடமாட்டாங்க. அதுக்காகத்தான் எழுதி வாங்கினேன்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. ஆறுச்சாமி தும்முகிறமாதிரி ஒரு சத்தம் செய்துவிட்டு வெளியே போனார்.

"அப்பொ நான் மனுக் குடுக்காம இருந்திருந்தா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே விட்டிருப்பாங்க."

"உங்களுக்குத் தெரியுமுங்களா இது?"

"தெரியுங்க."

என் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ பெரிய காரணம் இருக்கும், அதை நான் சொல்வேன், கேட்டுக்கொண்டு தலையாட்டலாம் என்று காத்திருந்தார்.

"எதுக்குங்க அம்மிணி?"

"இங்கிருந்து என்ற வீடு பக்கமுங்க," என்றேன்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் வெளியே எடுத்து வைத்திருந்த ஒரு தேங்காயை மறுபடி பைக்குள் போட்டார். முருங்கைக்காய்களை ஒன்று சேர்த்து, ஒடியாமல், மேலே வைத்தார். வெற்றிலையையும் எடுத்துக்கொண்டார். பை கனமாக இருந்தது. தூக்க நான் கை நீட்டியபோது நகர்ந்துகொண்டார். இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். வழக்கமாகச் சொல்கிற 'போயிட்டு வர்றனுங்க' வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

தாராபுரம். இரண்டு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டேதான். சாதிச் சான்றிதழ்ப் பிரிவு கொடுத்திருக்கிறார்கள். தலை நிமிர நேரமில்லை. மதியம் டப்பாச் சாப்பாடு, ஆறிப்போய். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் அவளுடைய சான்றிதழைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இவர் வேலாங்காட்டுக்குப் புது மோட்டார் இறக்கப் போயிருந்தார். போரில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்து மரம் நிற்கிறது, மேல்வரிசை இனி வராது என்றார். அந்த அம்மா உன்னை ஒன்றும் விசாரிக்கவில்லையே, ஏதாவது சண்டையா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கை கழுவ எழுந்து போனார்.

சாயங்காலம் கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தேன். எனக்குப் பார்த்து வாங்கத் தெரியவில்லை, முற்றல். குழம்பு வைத்தேன். எல்லோரும் நாரைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டார்கள்.